படத்துக்குக் கீழே ஒரு சொல்

ஃப்ரீசர் பெட்டியின் பிளக் சுவரில் இருந்த பாயின்ட்டுக்குள் நுழையவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஆள் அதைத் திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் பார்த்தார். பெட்டிக்குள் பாலுசாமி வெள்ளை வேட்டி சட்டையோடு படுத்திருந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், வாய்ப் பழக்கத்தில், "பெரியவரக் கூப்புடுங்க, அவரு ஒரு நிமிசத்துல மாத்திக் குடுத்துருவாரு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்புறம் பெண்கள் பக்கத்தில் ஒரு விசும்பல் கிளம்பி, ஓய்ந்திருந்த அழுகை புதிதாக ஆரம்பித்தது.

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு எரிச்சலாக வந்தது. செத்தவரையும் வேலைக்குக் கூப்பிடுகிறார்களே என்ற வருத்தத்தில் வந்த எரிச்சல் இல்லை அது. செத்த பிறகும் இவர்களுக்கு வேறு ஆள் ஞாபகத்துக்கு வரவில்லையே என்ற எரிச்சல். இங்கே கூடத்தில் அவருடைய உடன்பிறந்த தம்பி ஒருவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர். அவரைப் பார்த்து ஒரு பேச்சுக்காவது "நீங்க பாருங்க" என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அவருக்கும் பிளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அண்ணன் விடியற்காலையில் போனார். படுக்கையிலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். முந்தின நாள் சாயங்காலம்கூட எதிர்வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதைத் திரும்ப மாட்டாமலே போய்விட்டாரே என்று எதிர்வீட்டம்மாள் சொல்லிச் சொல்லி அழுதாள். மிக்ஸிக்காக அழுகிறாளா, அண்ணனுக்காக அழுகிறாளா என்று சென்னியப்பன் ஓரக்கண்ணால் கவனித்தார். அண்ணனுக்காகத்தான் அழுதாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பாலுசாமி மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. சிங்காநல்லூரில் அந்த வீதிக்கும் அக்கம்பக்கத்து வீதிகளுக்கும் அவர் பார்த்த வேலை வேறு. மோட்டார் ஓடவில்லையா, பாலுசாமி. ஜாதகம் பொருந்தவில்லையா, பாலுசாமி. பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, கல்யாணத்துக்கு எவ்வளவு அரிசி போடுவது, பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எதுவானாலும் அந்த வீட்டு வாசலில் செருப்பு கிடக்கும். ஹோமியோபதி வெள்ளை உருண்டைகளை மனிதர்களுக்கும் கொடுப்பார், மாட்டுக்கும் கொடுப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு விவசாயக் காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் போர் போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்பார்.

சரி, சொன்னதெல்லாம் பலித்ததா? அதுதான் சென்னியப்பனின் கேள்வி. பலிக்கவில்லை. தொண்டாமுத்தூரில் ஒருவருடைய தோப்பில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டார்கள். புகைதான் வந்தது. அண்ணன் பொருத்தம் பார்த்துச் சொன்ன ஒரு ஜோடி, வருஷம் திரும்புவதற்குள் கோர்ட்டு வாசலில் நின்றது. அவர் சரிசெய்து கொடுத்த ஃபிரிட்ஜ் சென்னியப்பன் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கும் என்பதால் அவர் மனைவி தெய்வாத்தாள் அதற்கு முன்னால் ஒரு மரப்பலகை போட்டுவைத்திருக்கிறாள். பாதி தெரியும், மீதியைத் தைரியத்தால் நிரப்புகிற மனுஷன். ஆனால் தண்ணீர் வராத அந்தத் தொண்டாமுத்தூர்க்காரர்தான் இன்று முதல் ஆளாக வந்து, மாலையை வைத்துவிட்டு, பெட்டியின் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டே நிற்கிறார். இதைத்தான் சென்னியப்பனால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் ஒரு செய்யுளுக்குப் பொருள் மாற்றிச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அண்ணன் தப்பாகச் சொன்னால் காபி கொடுத்து அனுப்புவார்கள்.

சென்னியப்பனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆனால் அதை அடிமண் வரை தெரியும். அதை மதிக்கத்தான் ஆள் இல்லை. கட்டிய மனைவியே மதித்ததில்லை. முட்டி வலித்தால் தெய்வாத்தாள், பெரிய மாமா என்று கூப்பிட்டு அண்ணனைத்தான் கேட்பாள். பேரன் பிறந்தபோது பெயர் வைப்பதற்கும் பெரிய மாமாவிடம்தான் போனாள். பெயர் தமிழ் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே என்று இவர் குரலை உயர்த்தினார். "அவரு நட்சத்திரமும் சேத்திப் பாப்பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேரனுக்கு யஷ்வந்த் என்று பெயர் வந்தது. அதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று சென்னியப்பன் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது தெய்வாத்தாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தான் போனால் இவள் இப்படி அழுவாளா என்று அவர் கணக்குப் போட்டார். அழுவாள், ஆனால் நடுநடுவே எழுந்து அடுப்படியைப் பார்த்துவிட்டு வருவாள் என்று தோன்றியது. வாசலில் பந்தல் கொள்ளாமல் கூட்டம். தனக்கு இதில் பாதியாவது வருமா? பழைய மாணவர்கள் வருவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவர்களில் பாதிப் பேர் அண்ணனிடம் மோட்டாருக்கு வந்து போனவர்களாகத்தான் இருப்பார்கள். செத்துக் கிடக்கிறவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனுஷன் உலகத்தில் உண்டா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுப் பொறாமைப்படுவதைத் தொடர்ந்தார். காலையில் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் ஆளாளுக்கு வந்து அண்ணனின் காலைத் தொட்டார்கள், நெற்றியைத் தடவினார்கள். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது அண்ணன் மகள் லோகப்பிரியா வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒரே மகள். தாய் முன்பே போய்விட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"சித்தப்பா, வீதி முக்குல ஃப்ளெக்ஸ் வெக்கோணுங்க. அப்பா படத்துக்குக் கீழ என்னன்னு போடறதுங்க? ரிட்டயர்டு சூப்பர்வைசர்னு போட்டா பத்தாது. எல்லாந் தெரிஞ்சவருன்னு ஒரே வார்த்தைல வரோணும். நீங்கதான் சொல்லோணும்."

அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். லோகப்பிரியாவின் கணவன் கிருபாசங்கர், ஆல்ரவுண்டர் என்று போடலாம் என்றான். ஒருவர் மல்டி டேலன்ட் என்றார். இன்னொருவர் தயங்காமல் விஞ்ஞானி என்றார். சென்னியப்பனுக்குக் காதில் புளி கரைத்து ஊற்றியது மாதிரி இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்புக்குள் நுழைகிறபோது வரும் குரல் தானாக வந்தது.

தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சமா என்று தொடங்கினார். அட்டாவதானி என்றால் ஒரே சமயத்தில் எட்டுக் காரியங்களில் கவனம் வைக்கிறவர். சதாவதானி என்றால் நூறு. சபை நடுவே உட்கார்ந்து பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவார், சதுரங்கக் காய் நகர்த்துவார், முதுகில் விழுகிற நெல்லையும் எண்ணுவார். உங்கப்பா நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிறவர், அவருக்கு அது பொருந்தாது. பல்கலைச் செல்வர் என்பது மடங்களும் மன்றங்களும் பார்த்துக் கொடுக்கிற பட்டம், நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. பல்துறை அறிஞர் என்று போடலாமே என்றால், அறிஞர் என்பதற்கு முறையாகப் படித்திருக்க வேண்டும். கடைசியாகப் பல்துறை வித்தகர் என்ற சொல்லுக்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வித்தகம்ங்கறது சும்மா அறிவு இல்ல கண்ணு. படிச்சதும் கைப்பழக்கமும் ஒண்ணாக் கனிஞ்சு வாறது. அது பெரிய வார்த்தை. எல்லாருக்கும் போட்ற முடியாது."

எல்லாருக்கும் போட முடியாது என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தச் சொல்லை அவர் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் அடித்த பேனரில் வெறுமனே தமிழாசிரியர் என்று போட்டுவிட்டார்கள். போகட்டும், கடைசியாக ஒரு பேனர் இருக்கிறதே, அதில் பல்துறை வித்தகர் என்று வர வேண்டும் என்பது அவர் ஆசை. இலக்கணம் ஒரு துறை, இலக்கியம் ஒரு துறை, கல்வெட்டும் ஓரளவு படிப்பார், ஆக மூன்று துறை ஆயிற்று. அந்தச் சொல்லைப் போயும் போயும் மாட்டுக்கு ஹோமியோபதி கொடுத்தவருக்குத் தாரைவார்ப்பதா?

"பொதுநல ஆர்வலர்னு போடு. அடக்கமா இருக்கும்" என்றார்.

வேறு எதுவும் சொல்ல முடியாதவர்களுக்குப் போடுகிற வார்த்தை அது என்று அவருக்குத் தெரியும். லோகப்பிரியா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "செரிங்க சித்தப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பா படம் நல்லதாக ஒன்று இருந்தால் ஃப்ளெக்ஸ் கடை பிரான்சிஸுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

செல்போனில் தேடியபோது அவர் கண்ணில் முதலில் பட்டது தமிழ் மன்ற விழாப் படம். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே பொன்னாடை அந்த விழாவில் கிடைத்ததுதான். அன்று அவர் பேச எழுந்ததும் மைக் வேலை செய்யவில்லை. கூட்டத்திலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். ஒயரைத் திருகினார், தட்டினார், மைக் வந்துவிட்டது. அதற்குக் கிடைத்த கைத்தட்டல் தம்பியின் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. போதாததற்கு மன்றத் தலைவர் அண்ணனையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அண்ணன் ஒலியும் தமிழும் என்று தலைப்பு வைத்துக்கொண்டு, விழா முடிகிற நேரம் வரைக்கும் பேசினார். படத்தில் சென்னியப்பன் பொன்னாடையோடு நடுவில் நிமிர்ந்து நிற்கிறார். அண்ணன் ஓரமாகக் குனிந்து ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவரும் முழுதாகத் தெரிந்து, அண்ணன் சுமாராகவும் தான் நன்றாகவும் விழுந்த படம் அது ஒன்றுதான். அதனாலேயே அதை எடுத்து பிரான்சிஸுக்கு அனுப்பினார். இதில் யார் பாலுசாமி என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் நெருங்க நெருங்க, வருகிறவர்களின் பார்வையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் சென்னியப்பனைப் பார்த்தார்கள். பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்கள். கூட வேலை பார்த்த ஒரு பழைய ஆசிரியர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது, எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு பெண் அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. பரவாயில்லை, நம்மையும் மனுஷனாக மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, முக்கில் இருந்த பேக்கரிக்கு ஒரு டீ குடிக்கப் போனார்.

பேக்கரிக்கு எதிரே, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று கறுப்புப் பட்டையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குச் சென்னியப்பன் நின்றார். பொன்னாடை, நெற்றியில் சந்தனம், ஓரம் முழுக்க ரோஜாப்பூ. இடுப்பளவில் சின்ன எழுத்தில் பாலுசாமி என்ற பெயர். பெயருக்கு மேலே தங்க நிறத்தில், பெரிதாக, பல்துறை வித்தகர்.

காலையில் அவர் பாடமாக நடத்தியதை லோகப்பிரியா நன்றாகத்தான் கேட்டிருக்கிறாள். சித்தப்பா சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு, சித்தப்பா கூடாது என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய்க் கடையில் சொல்லியிருக்கிறாள். பிரான்சிஸோ, இருவர் இருக்கிற படத்தில் பொன்னாடையோடு நிற்கிறவரை விட்டுவிட்டுக் குனிந்து கிடக்கிறவரையா வித்தகர் என்று நினைப்பார்?

சாவுப் பேனரில் தன் முகத்தைப் பார்த்தால் யாரும் பயந்துபோவார்கள். சென்னியப்பன் பயப்படவில்லை. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்தார். அந்தச் சொல்லும் அந்த முகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தன. பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரிடமும் சொல்லாமல் விட்டால் சாயங்காலம் வரை இப்படியே இருக்கும். அப்புறம் எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். அதுவரை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நப்பாசை அவருக்கு வந்தது.

அப்போது ஒரு கார் வந்து ஃப்ளெக்ஸுக்கு முன்னால் மெதுவாக நின்றது. பின்சீட்டில் ராமுலு இருந்தார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கோழிக்குச் சீக்கு வந்தால் டாக்டரைக் கேட்ட பிறகு பாலுசாமியையும் ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து வைக்க மாட்டார். பாலுசாமி வீட்டில் துக்கம் என்று மட்டும்தான் அவருக்குத் தகவல் போயிருந்தது போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். கீழே இருந்த எழுத்துவரை கண் போனதாகத் தெரியவில்லை. செல்போனை எடுத்தார். பெஞ்சில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தவரை அவர் கவனிக்கவில்லை.

"ஏனுங்க மச்சான், வந்து சேந்துட்டேனுங்க. போனது பெரியவரு இல்லீங்க. சின்னவரு. அந்தத் தமிழ் வாத்தியாரு. படம் வெச்சிருக்காங்க, பாத்துட்டேன்." பெருமூச்சு விட்டார். "நல்லவேளைங்க. காலைலருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

சென்னியப்பன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டார்களோ, ராமுலு கொஞ்சம் தணிந்த குரலில் பதில் சொன்னார்.

"பாவந்தானுங்க. நல்ல மனுசன். ஆனா அவங்க குடும்பத்துக்கு ஒண்ணுங் கொறையில்ல. பெரியவரு இருக்காருல்லங்க? எல்லாம் அவரு பாத்துக்குவாரு."

கார் வீதிக்குள் திரும்பியது. நல்லவேளை என்ற வார்த்தை சென்னியப்பனுக்கு நெஞ்சில் தீயாக எரிந்தது. எழுந்து ஓடிப்போய்க் கார்க் கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறேனய்யா என்று கத்தலாம் போல இருந்தது. தன் சாவிலும் அண்ணனுக்குத்தானா பாராட்டு? தான் செத்தாலும் அண்ணன் பார்த்துக்கொள்வாராம்.

அந்தக் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏனென்றால் ராமுலு சொன்னது பொய்யில்லை. தன் சாவை அவர் அடிக்கடி நினைத்துப் பார்த்திருக்கிறார். கூட்டம் எவ்வளவு, பேனரில் என்ன வார்த்தை, யார் யார் பேசுவார்கள் என்றெல்லாம். அந்த நினைப்பில் எல்லாம் பந்தல்காரனிடம் சத்தம் போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டு, மயானத்தில் நேரம் வாங்கிக்கொண்டு, தெய்வாத்தாளைத் தண்ணியாவது குடி அம்மணி என்று அதட்டிக்கொண்டு ஒரு ஆள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் யாரென்று அவர் நின்று பார்த்ததே இல்லை. அண்ணன் இல்லாத ஒரு சாவை அவர் தனக்கு நினைத்ததே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் நிறுத்துவதற்கு அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

வீட்டுப் பக்கமிருந்து ஒரு ஆண்குரல் ஓலமாகக் கேட்டது. ராமுலு உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டார். வயதான ஆண்கள் அப்படி வாய்விட்டு அழுது சென்னியப்பன் அதிகம் கேட்டதில்லை. பேக்கரிக்காரர்கூடக் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

சென்னியப்பன் பிரான்சிஸுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் பிரான்சிஸ் பதறிப்போனார். ஐயா மன்னிக்கோணுங்க, பெரிய தப்பு நடந்துபோச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுபடி முழுதாக அடிக்க நேரம் இல்லை, பெரியவரை எடுப்பதற்குள் மை காயாது. முகத்தை மட்டும் ஸ்டிக்கரில் அடித்துக் கொடுத்தனுப்புகிறேன், மேலே ஒட்டிக்கொள்ளலாம், அவருடைய நேரான படம் ஒன்று உடனே அனுப்புங்கள் என்றார். பிறகு இன்னொன்றும் கேட்டார்.

"வார்த்தை மட்டும் செரிதானுங்களா? அதுலயும் தப்பு இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, சேத்தி மாத்திக் குடுத்தர்றேன்."

சென்னியப்பன் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தங்க எழுத்து வெயிலில் பளபளத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொதுநல ஆர்வலர் வந்துவிடும்.

"வார்த்தை செரியாத்தான் இருக்குது. மொகத்த மட்டும் மாத்துனாப் போதும்."

படம் தேடினார். போனில் அண்ணன் இருந்த படங்கள் நிறைய. அநேகமாக எல்லாவற்றிலும் அவருடைய தோளோ முழங்கையோ மட்டும் இருந்தது. தன் முகம் நன்றாக வந்த படங்களாகப் பார்த்து, மீதியை வெட்டிவிட்டு வைத்திருந்தார். தள்ளிக்கொண்டே போய்ப் போனின் முதல் படத்துக்கு வந்தார். அந்தப் போன் வாங்கின அன்று, எல்லாவற்றையும் செட் பண்ணித் தருகிறேன் என்று அண்ணன்தான் வாங்கி வைத்துக் குடைந்தார். கேமரா எந்தப் பக்கம் எடுக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் அமுக்கியபோது விழுந்த படம். திரை முழுக்க அண்ணனின் முகம். நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, சுருங்கிய கண், கொஞ்சம் திறந்த வாய். இது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கிற முகம். சென்னியப்பன் அதை அனுப்பினார்.

கடை ஆள் ஸ்கூட்டரில் ஸ்டிக்கரைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, அண்ணனை எடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. ஏணி கொண்டுவரவில்லை என்று அந்த ஆள் கையைப் பிசைந்தார். சென்னியப்பன் பேக்கரி பெஞ்சை இழுத்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். விழுந்துவைக்காதீர்கள் என்று பேக்கரிக்காரர் வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கடை ஆள் கீழிருந்து தாளை உரித்து உரித்துக் கொடுக்க, இவர் மேலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார். முதலில் தன் நெற்றி மறைந்தது. பிறகு கண், மூக்கு, வாய். கழுத்துக்குக் கீழே பொன்னாடையும் சட்டையும் அவருடையதாகவே இருந்தன. தலை மட்டும் அண்ணனுடையது.

பழக்கமில்லாத கை என்பதால் அங்கங்கே காற்று அடைத்துக்கொண்டு குமிழி குமிழியாக நின்றது. உள்ளங்கையால் நெற்றியிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார். மூக்கின் இரண்டு பக்கமும் விரலால் நீவிவிட்டார். தாடையை, காதோரத்தை, கழுத்தை அழுத்தித் தடவினார். வெயிலில் கிடந்ததால் ஸ்டிக்கர் சூடாக இருந்தது. கன்னத்தில் ஒரு குமிழி மட்டும் போகவில்லை. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போனது.

கிருபாசங்கர் வேகமாக வீதி முக்குக்கு வந்தான். நிமிர்ந்து பேனரைப் பார்த்தான், பெஞ்சின் மேல் நின்றவரைப் பார்த்தான்.

"மாமா, வெளிய எடுத்துக் குளிப்பாட்டப் போறாங்க. தலைக்கு எண்ணெய் அரப்பு வெக்கறதுக்குக் கூடப் பொறந்தவரு எங்கீங்கன்னு தேடறாங்க. மொதல்ல நீங்கதான் வெக்கோணுமாம்."

"வாரேன் போ."

அவன் போகாமல் நின்றான். பெஞ்சைப் பிடித்திருந்த பேக்கரிக்காரர் மேலே பார்க்காமல் வீதியைப் பார்த்தார்.

"மாமா."

"வாரேங்கறேன்ல" என்றார் சென்னியப்பன். திரும்பவில்லை. கட்டைவிரலால் அந்தக் குமிழியை மெதுவாகக் காதோரம் வரைக்கும் கொண்டுபோனார். அது ஓரத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி கன்னத்துக்கே வந்து நின்றது. அவர் திரும்பவும் உள்ளங்கையை வைத்தார்.